வாசலோடு நின்ற மருந்துகள்

எங்கள் டாக்டர் நல்ல மனிதர். இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். மற்றதையெல்லாம் கேட்ட பிறகு சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

ராயபுரத்தில் ஒரு மாடி வீட்டின் கீழ்ப்பகுதியில் அவருடைய டிஸ்பென்சரி இருந்தது. எப்போது கூப்பிட்டாலும் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். ஒரு மழைக்காலத்தில் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு கொருக்குப்பேட்டைத் தண்டவாளங்களைத் தாண்டிப் பிரசவம் பார்க்கப் போனார். திரும்பி வந்து மூன்று நாள் ஜுரத்தில் படுத்தவர், அந்தக் குழந்தை எப்படி இருக்கிறது என்று ஆள் அனுப்பி விசாரித்தார். ஆனால் நாட்டு மருந்து என்ற பேச்சை மட்டும் அவர் முன்னால் எடுக்கக் கூடாது. எடுத்தால் தீர்ந்தது. ஸ்டெதாஸ்கோப்பை மேஜைமேல் எறிவார். "அவன்கிட்டயே போ! என்கிட்ட எதுக்கு வந்தே? எழுந்திரு!" என்று அவர் போடுகிற சத்தத்தில் வெளியே காத்திருக்கிறவர்களில் பாதிப் பேருக்கு வந்த நோய் மறந்துபோகும்.

அதற்குக் காரணமும் இருந்தது. அவர் டிஸ்பென்சரி திறந்த புதிதில், தொண்டை அடைத்த ஒரு குழந்தைக்கு வயிற்றில் சூடு போட்டு, அது பலிக்காமல் போன பிறகு இவரிடம் தூக்கி வந்திருக்கிறார்கள். குழந்தை இவருடைய மேஜைமேலேயே இறந்துபோயிற்று. அதன் பிறகு சூடு, பற்று, லேகியம், கஷாயம், தாயத்து, எல்லாமே அவருக்கு ஒன்றுதான். எல்லாமே கொலை.

சரி, அவருக்குக் கோபம் வருகிறது, அதனால் ராயபுரம் நாட்டு மருந்தை விட்டுவிட்டதா என்றால், அதெல்லாம் இல்லை. டாக்டர் வாசலில் கழற்றி வைக்க ஆரம்பித்தது.

டிஸ்பென்சரி படிக்குப் பக்கத்தில் ஒரு வெற்றிலைக்காரம்மா தகரப் பெட்டியோடு உட்கார்ந்திருப்பாள். உள்ளே போகிறவர்கள் தாயத்தை அவிழ்த்து அவளிடம் கொடுப்பார்கள். அவள் வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொள்வாள். இதற்குக் கூலி கிடையாது, திரும்பும்போது வெற்றிலை வாங்க வேண்டும், அவ்வளவுதான். நெற்றியில் பற்றுப் போட்டவர்கள் தெருக் குழாயில் முகம் கழுவுவார்கள். மஞ்சளும் சுக்குமாகத் தண்ணீர் சாக்கடையில் ஓடும். வாயில் அடக்கிய கிராம்பைத் துப்புவார்கள். அப்புறம் உள்ளே போய், "ஒண்ணும் போடலீங்க டாக்டர், நேரா உங்ககிட்டதான் வர்றேன்," என்பார்கள். வெளியே வந்ததும் எல்லாவற்றையும் மறுபடி கட்டிக்கொள்வார்கள். ஒரு முறை வண்ணாரப்பேட்டைப் பாயம்மா ஒருத்தியின் குழந்தைக்குக் கட்டியிருந்த தாயத்தும், காசிமேட்டுப் பையன் ஒருவனின் அம்மன் கோயில் தாயத்தும் மாறிப்போயின. இரண்டு பேருக்கும் காய்ச்சல் இறங்கிவிட்டது. யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

டாக்டருக்கு இதெல்லாம் தெரியாது. ஒரு கூட்டத்தில், தன் பகுதியில் நாட்டு மருந்து அறவே ஒழிந்துவிட்டது என்று பேசினாராம். கை தட்டினார்களாம். அந்த வாரம் வெற்றிலைக்காரம்மாவின் பெட்டி மூட முடியாமல் இருந்தது.

சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. நான் கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர். என் கணவர் துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணிக் குறிக்கும் குமாஸ்தா. கோதுமைத் தூசியும் சிமெண்டுத் தூசியும் அவர் நெஞ்சுக்குள் போய்க் குடியேறிவிட்டன. இழுப்பு வந்துவிட்டால் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, இரண்டு கையையும் முட்டியில் ஊன்றிக்கொண்டு, ஒவ்வொரு மூச்சையும் எங்கேயோ தூரத்திலிருந்து இழுத்து வருவார். பார்க்கிறவர்களுக்கு மூச்சு முட்டும். எங்களோடு அவருடைய அக்காவும் இருந்தாள். புருஷனை இழந்தவள், பிள்ளை இல்லாதவள். தம்பிதான் அவளுக்கு எல்லாம். எனக்கும் எல்லாம் அவர்தான், ஆனால் அதை அவள் ஒத்துக்கொள்ள மாட்டாள்.

இழுப்புக்கு டாக்டர் ஒரு பழுப்பு மிக்சர் கொடுப்பார். ஒரு வேளைக்கு எவ்வளவு என்று காட்டக் காகிதத்தை வெட்டிப் பாட்டிலில் ஒட்டியிருப்பார்கள். அது தவிர, துறைமுகத்தில் யாரோ சொன்னார்கள் என்று என் கணவர் காய்ந்த ஊமத்தை இலையைச் சுருட்டிப் பீடி மாதிரி பிடிப்பார். ஊமத்தை எங்கே வேண்டுமானாலும் முளைக்கிற செடிதான், ஆனால் மூலக்கொத்தளம் இடுகாட்டு ஓரத்தில் முளைப்பதற்குத்தான் வீரியம் அதிகம் என்று ஊரில் ஒரு நம்பிக்கை. என் நாத்தனார் அங்கேயே போய்ப் பறித்து வருவாள். புகை உள்ளே போனதும் இழுப்பு கொஞ்சம் அடங்கும். அதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், மறைக்க மாட்டேன்.

"இதை டாக்டர்கிட்ட சொல்லிடுங்க," என்பேன்.

"இன்னாத்த சொல்றது? சொன்னா வெளிய போடான்னுவாரு. அப்பால லீவுக்கு சர்டிபிகேட்டு யாரு குடுப்பா? உங்கப்பனா?"

என் அப்பா காலமாகி வெகு நாள் ஆகியிருந்தது. அதனால் அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை.

"நான் சொல்றேன்," என்றும் ஒரு தடவை கிளம்பினேன். நாத்தனார் வாசல்படியில் குறுக்கே உட்கார்ந்துகொண்டாள். "நீ சொல்லு. அந்த மனுசன் இவன உள்ளார வுடாத பூடுவான். அப்பால மூச்சு இஸ்துகினா உன் ஸ்கூலு புள்ளைங்களாண்ட இட்டுகினு போ," என்றாள். தாண்டிப் போகலாம் என்றால் அவள் உடம்பும் அப்படி இப்படி இல்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. முதல் நாள் துறைமுகத்தில் கோதுமைக் கப்பல். அன்று காலையில் அவருக்கு இழுப்பு எப்போதையும்விட மோசம். மிக்சரை ஒரு வேளைக்கு இரண்டு வேளையாகக் குடித்துவிட்டுச் சுவரில் சாய்ந்தார். கொஞ்சம் தணிந்த மாதிரி இருந்தது. நான் மீன் வாங்கக் காசிமேட்டுக்குப் போனேன். திரும்பி வரும்போது எங்கள் வாசலில் கூட்டம். நாத்தனார் தலைவிரி கோலமாக நின்றாள்.

"தம்பி ஒரு மாரியா கீறான்," என்றாள்.

உள்ளே அவர் கட்டில்மேல் ஏறி நின்றுகொண்டிருந்தார். முகம் செக்கச் செவேல் என்று இருந்தது. கண்ணில் கறுப்பு விழி மட்டும்தான் தெரிந்தது. மேலே பார்த்துக் கையை ஆட்டி, "எறக்கு! எறக்கு! மெதுவா எறக்கு!" என்று உத்தரத்துக்கு உத்தரவு போட்டார். கப்பல் எங்கள் கூரைமேல் வந்து நின்றுவிட்டது போலிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத மூட்டைகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, "இது ஈரம். ஓரமா வை," என்றார். பக்கத்து வீட்டு ஆள் பிடிக்க வந்தபோது அவனை நல்ல மூட்டை என்று சொல்லி உள்ளே அனுப்பினார். தன் அக்காவைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்து, "இது கிழிசல். ஒழுவுது. தள்ளி வை," என்றார். வேறு ஒரு நாளாக இருந்திருந்தால் நான் சிரித்திருப்பேன். அன்றைக்கு அவர் என்னையும் மூட்டையாகத்தான் பார்த்தார்.

அடுப்பங்கரையில் ஒரு மண்சட்டி இருந்தது. அடியில் வெந்த இலை. முகர்ந்தேன். ஊமத்தை.

"இன்னா அண்ணி இது?"

"பொகையில அடங்கல. கஷாயமா குடுத்தா சீக்கிரம் அடங்கும்னு நெனச்சேன். அடங்கிடிச்சி. அப்பாலதான் இப்டி ஆயிட்டான்." அவள் சட்டியைக் காலால் ஓரமாகத் தள்ளினாள். "நீ கம்னு கெட. டாக்டராண்ட வாய தெறந்தே, நான் சமுத்திரத்துல பூடுவேன்."

நான் பதில் சொல்வதற்குள் டாக்டர் வந்துவிட்டார். யாரோ ஓடிப் போய்க் கூட்டி வந்திருந்தார்கள். அவர் நாடியைப் பிடித்தார். நாக்கைப் பார்த்தார். நாக்கு காய்ந்து மரப்பட்டையாக இருந்தது. கண்ணைத் திறந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார். மதுவிலக்குக் காலம் அல்லவா, அதனால் குரலைத் தணித்து, "சாராயம் ஏதாவது?" என்று கேட்டார். இல்லை என்றோம். அது நிஜம்.

"வேற எதுவும் குடுக்கலையே?" என்றார்.

அவர் கேட்ட விதத்தைக் கவனியுங்கள். குடுக்கலையே. இல்லை என்ற பதிலைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கிற கேள்வி அது. நாத்தனார், பக்கத்து வீட்டு ஆள், ஜன்னலில் இருந்த தலைகள், எல்லாரும் ஒரே குரலில், "ஒண்ணும் குடுக்கலீங்க டாக்டர்," என்றார்கள். பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிக்கும்போதுகூட என் பிள்ளைகள் இவ்வளவு சுத்தமாகச் சேர்ந்து சொன்னதில்லை. அந்தத் தலைகளில் பாதிக்குக் கஷாயம் போட்டதே தெரியாது. தெரியாமலே சொன்னார்கள். டாக்டர் கேட்டால் அதுதான் பதில், அவ்வளவுதான்.

டாக்டர் தலையாட்டினார். "மூளையைத் தாக்கியிருக்கு. வீட்டுல வெச்சுக்க முடியாது. கீழ்ப்பாக்கத்துக்குத்தான் கொண்டு போகணும். ஜட்காவுக்குச் சொல்லுங்க," என்றார்.

கீழ்ப்பாக்கம் என்றால் பைத்தியக்கார ஆஸ்பத்திரி. எங்கள் தெருவிலிருந்து அங்கே போனவர்கள் உண்டு. வந்தவர்களை நான் பார்த்ததில்லை. வந்தாலும் துறைமுகத்தில் பைத்தியத்தை எண்ணிக்கை எழுத விடுவார்களா? அதெல்லாம்கூட அப்புறம். பைத்தியம் இல்லாத ஒரு மனுஷனைப் பைத்தியங்களுக்கு நடுவில் போட்டுப் பூட்டிவிடுவார்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் இன்னும் எதையாவது குத்துவார்கள், அவர் அங்கேயே செத்துப்போவார். இதுதான் என் மனசில் ஓடியது. ஜட்கா வந்துவிட்டது. அவர் கையைத் துண்டால் கட்டி வண்டியில் ஏற்றினார்கள். அவர் எதிர்க்கவில்லை, கட்டுகிறவனைப் பார்த்து, "நல்லா கட்டு, வழியில சிந்தப் போவுது," என்றார்.

"குடுத்தோம்," என்றேன்.

நாத்தனார் என் கையில் கிள்ளினாள். தழும்பு ரொம்ப நாள் இருந்தது.

"என்ன?" என்றார் டாக்டர்.

"ஊமத்தை இலையைக் கஷாயம் போட்டுக் குடுத்தோம். அதுக்கு மேல உங்க மிக்சரும் ரெண்டு பங்கு. பல மாசமா இலையைச் சுருட்டிப் புகையும் பிடிக்கிறாரு. கத்தறதுன்னா கத்துங்க. ஆனா இவரை ஜட்காவிலேர்ந்து எறக்குங்க."

சட்டியைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தேன். தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டு சத்தத்துக்குக் காத்திருந்தது. டாக்டர் கத்தவில்லை. சட்டியிலிருந்து ஒரு இலையை எடுத்துப் பிரித்துப் பார்த்தார். பிறகு அரிசிப் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார்.

"என் மிக்சர்லயும் இதுதாம்மா இருக்கு," என்றார்.

"எது?"

"இந்தச் செடியோட சத்துதான். அளந்து கலக்கறோம். ஐயோ, சேர்த்துக் குடுத்துட்டீங்களே! எனக்கு ஏம்மா சொல்லலை?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தச் சட்டியை எடுத்து அவர் தலையில் கவிழ்த்திருப்பேன். "ஏன் சொல்லலையா? எப்படி சொல்றது? சொன்னவங்களை எல்லாம் எழுந்திரு, போன்னு துரத்தினா அடுத்தவன் எப்படி சொல்லுவான்? உங்க பாட்டில்ல இதுதான் இருக்குன்னு நீங்க ஏன் சொல்லலை? இலைன்னா கொலை, பாட்டில்னா மருந்தா? எங்களுக்கு என்ன தெரியும்? ரெண்டும் வேற வேறன்னு நெனச்சுதானே குடுத்தோம்! சொல்றது எங்க வேலைன்னா, சொல்ற மாதிரி கேக்கறது உங்க வேலை இல்லையா?"

டாக்டரிடம் யாரும் இப்படிப் பேசி அதுவரை ராயபுரம் கேட்டதில்லை. அவர் என்னைப் பார்த்தார். "எவ்வளவு இலை? எவ்வளவு நேரம் ஆச்சு?" என்று மட்டும் கேட்டார். என் நாத்தனார் முதல் தடவையாக அவரிடம் எதையும் மறைக்காமல், எத்தனை கைப்பிடி, எத்தனை டம்ளர், எப்போது கொடுத்தாள் என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். சொல்லி முடித்துத் தரையில் உட்கார்ந்து, "நானே தம்பிய கொன்னுட்டேனா நைனா?" என்று டாக்டரைக் கேட்டாள்.

"இல்லம்மா. இப்பச் சொன்னீங்க இல்ல, பார்த்துக்கலாம்," என்றார்.

டிஸ்பென்சரியிலிருந்து ரப்பர் குழாயும் ஊதா மருந்தும் வந்தன. ஜட்காக்காரன் போகவில்லை. என் கணவரை இறக்கி வந்து காலைப் பிடித்துக்கொள்ள அவன்தான் உதவினான். குழாயை வாய் வழியாக விட்டு ஊதாத் தண்ணீரை ஊற்றி வயிற்றைக் கழுவினார்கள். அப்புறம் ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டு அறையை இருட்டாக்கி, ஈரத் துணியால் உடம்பை ஒற்றிக்கொண்டே இருந்தோம். டாக்டர் அன்று டிஸ்பென்சரிக்குப் போகவில்லை. நாடியைப் பிடிப்பார், கண்ணைப் பார்ப்பார், மறுபடி வந்து அரிசிப் பெட்டிமேல் உட்காருவார். நான் சுட்ட மீனும் சோறும் கொடுத்தேன். சாப்பிட்டார். பிழைப்பாரா என்று கேட்கப் பயமாக இருந்ததால், மீனில் உப்பு சரியா என்று கேட்டேன். சரி என்றார். சாயங்காலம் ஆக ஆகக் கப்பலில் மூட்டை குறைந்துகொண்டே வந்தது. விளக்கு வைக்கிற நேரத்துக்கு, "அவ்ளதான், மூடிடு," என்று சொல்லிவிட்டு அவர் தூங்கிப்போனார்.

மறுநாள் காலையில் கண்ணைத் திறந்து, தன் கையில் துண்டு கட்டிய அடையாளம் எப்படி வந்தது என்று கேட்டுச் சத்தம் போட்டார். பிறகு காபி கேட்டார். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இரண்டு அறை விட வேண்டும் போலவும் இருந்தது. காபி போட்டுக் கொடுத்தேன்.

டாக்டர் வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தார். முகத்தைப் பார்த்தால் அவரும் தூங்கவில்லை என்று தெரிந்தது.

"நான் கத்த மாட்டேன்," என்றார். "கத்தணும்னு வந்தா வெளியில போய்க் கத்திட்டு வரேன். நான் குடுக்கறதைத் தவிர வேற என்னென்ன சாப்பிடறே? எல்லாத்தையும் சொல்லு."

என் கணவர் கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. "ஒண்ணுமில்லீங்க டாக்டர்," என்றார்.

"யோவ்!" என்றேன். அவரை நான் அதுவரை அப்படிக் கூப்பிட்டதில்லை. "வாயத் தொறந்தா பொய்யி! நேத்து உன்னக் கட்டி ஜட்காவுல ஏத்திட்டாங்க, தெரியுமா? வண்டி நகர்ந்திருந்தா நான் எந்தச் செவுத்துல முட்டிகினு அழறது? சொல்லித் தொலைய்யா!"

டாக்டர் என்னையும் அடக்கவில்லை, அவரையும் அவசரப்படுத்தவில்லை. என் கணவர் மெதுவாகத் திரும்பித் தலையணை உறைக்குள் கையை விட்டார்.

ஊமத்தைச் சுருட்டு எனக்குத் தெரியும். மற்றது எதுவும் எனக்குத் தெரியாது. வண்ணாரப்பேட்டை ஹக்கீம் கொடுத்த லேகிய டப்பி. மெழுகுக் காகிதத்தில் கறுப்பு மாத்திரை. தர்காவில் ஓதிக் கொடுத்த கயிறு. ஆபீஸில் பெரிய குமாஸ்தா கொடுத்த ஹோமியோபதிச் சர்க்கரை உருண்டை. காசிமேட்டில் யாரோ கொடுத்த மீன் எண்ணெய். ஒவ்வொன்றாகப் போர்வைமேல் வைத்தார். டாக்டர் ஒவ்வொன்றையும் எடுத்து, இது யார் கொடுத்தது, எப்போது சாப்பிடுகிறாய், சாப்பிட்டால் எப்படி இருக்கிறது என்று கேட்டார். சர்க்கரை உருண்டையில் ஒன்றை வாயில் போட்டுப் பார்த்து, "சாப்பிடு," என்றார். கயிற்றைத் திருப்பிக் கையில் கொடுத்தார். மீன் எண்ணெய் நல்லது என்றார். கறுப்பு மாத்திரை என்னவென்று தெரிகிற வரைக்கும் வேண்டாம் என்றார். லேகியத்தை முகர்ந்து, "இதுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியலை. ஹக்கீமைப் போய்க் கேக்கறேன்," என்றார். தெரியவில்லை என்று அவர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"புகை பிடிச்சா இழுப்பு அடங்குதா?"

"அடங்குது."

"என் மருந்தைவிடவா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் சொல்லு என்று கண்ணைக் காட்டினேன். "ஆமாங்க," என்றார்.

"சரி. அப்ப பாட்டில்லேர்ந்து ஊமத்தையை எடுத்துடறேன். ரெண்டும் சேரக் கூடாது. கஷாயம் கூடவே கூடாது. எத்தனை சுருட்டு பிடிக்கறேன்னு வந்து சொல்லு." டாக்டர் போர்வைமேல் கிடந்தவற்றை இன்னொரு தடவை பார்த்தார். "இத்தனை எதுக்குய்யா? எதுமேலயும் நம்பிக்கை இல்லையா?"

என் கணவர் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு பேசினார். "நம்பிக்கைல்லாம் எல்லாத்து மேலயும் கீது டாக்டர். பயம்தான். படுத்தா அப்டியே பூடுவேனோன்னு தெனம் பயமா கீது. நான் பூட்டா இவ ஒண்டியா இன்னா பண்ணுவா? அத்தொட்டு யாரு இன்னா குட்த்தாலும் துன்னுடுவேன்."

அவர் மூச்சு இழுக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டேதான் இத்தனை வருஷம் பக்கத்தில் படுத்துத் தூங்கியிருக்கிறேன். சத்தம் ஏறினால் எழுந்திருப்பேன், இறங்கினால் தூங்குவேன். இறங்கிய பிறகும் அவர் பயந்துகொண்டு விழித்திருந்தார் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது, அதுவும் டாக்டர் கேட்டதால். புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தேன், முடியவில்லை, அழுதுவிட்டேன்.

அவர் என் பக்கம் திரும்பினார். "அய்ய," என்றார், "இதுக்குத்தாம்மே நான் சொல்லல."